கடைசித் தூணில் தட்டும் சத்தம்

புதிதாக வேலைக்கு வந்திருக்கும் உங்களுக்கு நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி கேட்டார்கள். நல்ல வார்த்தைகளை இப்போதைய தலைவர் எப்படியும் சொல்லிவிடுவார், அவருக்கு அது நன்றாக வரும். என்னிடம் மிஞ்சியிருப்பது ஒரு பயம்தான். ஓய்வு பெற்றபோது மேசையைத் துடைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன், சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன், இதை மட்டும் யாரிடமும் கொடுக்காமல் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டேன். அது உங்களுடையது. வாங்கிக்கொள்ளுங்கள்.

நாங்கள் செய்யும் வேலை என்னவென்று என் வீட்டாருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. உங்கள் வீட்டாருக்கும் விளங்கப்போவதில்லை, ஆகவே அவர்களுக்குச் சொல்ல ஒரு சுருக்கமான விளக்கம் தருகிறேன். துறைமுகத்தைச் சுற்றியுள்ள பாலங்களிலும் மிதவைகளிலும் தூண்களிலும் சின்னப் பெட்டிகளைப் பூட்டுகிறோம். தண்ணீரின் சூடு, தூணின் சரிவு, அசைவு என்று அவை எதையாவது அளந்து கம்பியில்லாமல் அனுப்பும். பற்றரி கிடையாது. பற்றரி மாற்றுவதற்காக ஒவ்வொரு தடவையும் ஓர் ஆளைக் கடலுக்குள் இறக்க முடியாது என்பதால், அவை தம்மைச் சுற்றியுள்ள சக்தியைப் பொறுக்கித் தின்று உயிர்வாழ வேண்டும். வெயில் படும் இடத்தில் வெயில். நிழலான இடத்தில் அதிர்வு. ஒரு மெல்லிய தகடு, அதன் நுனியில் சிறு பாரம். தூண் அதிர்ந்தால் தகடு ஆடும், தகடு ஆடினால் துளி மின்சாரம். துளிகள் போதிய அளவு சேர்ந்ததும் பெட்டி கண்விழித்து ஒரு செய்தி அனுப்பும், பிறகு தூங்கிவிடும்.

எந்த இடத்தில் எவ்வளவு சக்தி கிடைக்கும், அதை வைத்துக்கொண்டு பெட்டி எத்தனை தரம் பேசலாம் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது எங்கள் கணித மாதிரி, மொடல். அந்த மாதிரியைச் செய்தவன் குகன். கிளிவெட்டி ஊர்ப் பிள்ளை, வயல்காரக் குடும்பம், கணிதத்தில் புலி. 'சக்தி அறுவடை' என்ற பெயரைக் கேட்டு முதல் நாளே சிரித்தான்.

"எங்கட வீட்டில அறுவடை எண்டா குனிஞ்சு நிமிர ஏலாது மிஸ். இஞ்ச கதிரையில இருந்துகொண்டே அறுக்கலாம்" என்றான்.

எனக்கு அவனை அன்றைக்கே பிடித்துவிட்டது.

உள்துறைமுகப் பக்கம் கடலுக்குள் நீளும் பழைய மர ஜெட்டி ஒன்று இருந்தது, படகுகள் கட்டும் துறை. அக்கரைக்குச் சனத்தை ஏற்றிப் போய்வரும் ஒரு லோஞ்சுப் படகு அதில் வந்து கட்டும். லோஞ்சின் எஞ்சின் உறுமலில் பலகைகள் நடுங்குவதைக் காலில் உணரலாம். அந்த நடுக்கத்துக்கு ஏற்றபடி தகட்டைச் சீர்செய்து பலகைக்குக் கீழே ஒரு பெட்டியைப் பூட்டினோம். நன்றாகத் தின்றது, நன்றாகப் பேசியது. பிறகு லோஞ்சு நின்றுவிட்டது. தரைவழியே போவது சுலபமாகிவிட்டதால் அதில் ஏற ஆளில்லை. சாப்பாடு நின்றதும் பெட்டியின் பேச்சும் நின்றது. குகனின் மாதிரியும் பூச்சியம் என்றது. திரையில் அந்தப் பெட்டியின் பெயருக்குப் பக்கத்தில் 'செத்தது' என்று குறித்துவிட்டு அதை மறந்துவிட்டோம். கழற்றிவர நேரமில்லை.

அது சித்திரை மாதம் விழித்தது.

வாடைக்காற்று ஓய்ந்து கச்சான் காற்று இன்னும் தொடங்காத நாட்கள். அந்த நாட்களில் உள்துறைமுகத்தை மத்தியானத்தில் போய்ப் பாருங்கள். கடல் ஊற்றி ஆறவைத்த எண்ணெய்போலக் கிடக்கும். கொடிகள் தொங்கும். எங்கள் நகர வீதிகளில் மாடுகளைப்போலத் திரியும் மான்கள் நிழல் கண்ட இடத்தில் நின்றபடி அசையாமல் இருக்கும். தூரத்தில் ஒருவர் இருமினால் பக்கத்தில் இருமுவதுபோலக் கேட்கும். இரவில் பயப்படுகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். எனக்கு அந்த மத்தியானங்கள்தான் பயம்.

அப்படியொரு மத்தியானத்தில் செத்த பெட்டி ஒரு செய்தி அனுப்பியது. கொஞ்சம் பொறுத்து இன்னொன்று. பிறகு பேச்சில்லை.

குகன் செய்திகளைப் பிடிக்கும் வாங்கியைச் சந்தேகித்தான், கணினி நிரலைச் சந்தேகித்தான், கடைசியில் என்னையும் ஒரு பார்வை பார்த்தான். அடுத்த நாளும் அது பேசியது. பலகைக்குக் கீழே இருப்பதால் வெயில் இல்லை. காற்று இல்லை. லோஞ்சு எங்கோ கரையில் கவிழ்ந்து கிடக்கிறது. எதுவுமே அசையாத ஓர் இடத்தில் ஏதோவொன்று அதற்குச் சோறு போடுகிறது.

"எங்கயிருந்து எடுக்குது மிஸ்?" என்றான் குகன். குரல் மெல்லியதாக இருந்தது.

இருவரும் போனோம். ஜெட்டியின் கடைசியில், பலகை முடியும் இடத்தில், ஒரு பெண் காலைத் தொங்கவிட்டபடி உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பிரிக்காத சோற்றுப் பொதி. எங்கள் காலடி கேட்டதும் திரும்பாமலே கையை உயர்த்தினாள், பேசவேண்டாம் என்று.

நின்றோம். கீழே தண்ணீரில் ஒரு சுருக்கமும் இல்லை. அப்போது எங்கள் காலுக்கு அடியில் ஏதோ தட்டியது. மரத்தில் மரம் படும் சத்தம். ஒரு வீட்டுக் கதவைத் தயக்கத்தோடு தட்டுவதுபோலத் தட்டியது. பிறகு ஓய்ந்தது. திரும்பத் தட்டியது. குகன் என் கையைப் பிடித்துக்கொண்டான், அது அவனுக்கே தெரிந்திருக்காது.

சத்தம் நின்ற பிறகுதான் அவள் திரும்பினாள். பெயர் மலர். சல்லிக் கிராமத்தைச் சேர்ந்தவள், நகரத்தில் ஒரு விடுதியில் துப்புரவு வேலை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் இங்கே வந்துவிடுவாள். அவளுடைய கணவன் போன வாடைக் காலத்தில் கடலுக்குப் போனவன். படகு தனியாக மிதந்து வந்தது, அவன் வரவில்லை. உடலும் கிடைக்கவில்லை. காரியங்கள் எதையும் செய்ய அவள் விடவில்லை. நெற்றியில் பொட்டு இருந்தது.

"முந்தி நான் இதில இருந்துதான் மீன் விக்கிறனான்" என்று சொன்னாள். "அவர் படகை ஜெட்டிக்குக் கீழ நிழலுக்க விட்டிட்டு, துடுப்புக் காம்பால தூணில தட்டுவார். ஒண்டு. பிறகு கொஞ்சம் விட்டு ரெண்டு. கூடையை இறக்கு எண்டு அர்த்தம். நான் கயித்தில கூடையை இறக்குவன்."

"இப்ப தட்டுறது…" என்றேன்.

"ஒண்டு, பிறகு ரெண்டு. உங்களுக்குக் கேக்கேல்லையே அக்கா?"

எனக்கு அப்படி எண்ணிக்கை எதுவும் கேட்கவில்லை. வெறும் தட்டல்தான் கேட்டது. அதை நான் சொல்லவில்லை.

காரணத்தைக் கண்டுபிடித்தவன் குகன். பல நாட்கள் மண்டையை உடைத்துவிட்டு, ஒரு நாள் யன்னலைப் பார்த்தபடியே "கப்பல்" என்றான். பெரிய சரக்குக் கப்பல் ஒன்று துறைமுகத்தை விட்டு வெளியேறும். அது முனையைத் தாண்டி மறைந்துவிடும். அது கிளப்பிய அலை மட்டும், கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தணிந்து, ஆற அமரக் குடாவைக் கடந்து வந்து ஜெட்டியின் கீழ் நுழையும். காற்றுள்ள நாளில் மற்ற அலைகளோடு கலந்து தொலைந்துவிடும். எண்ணெய்போலக் கிடக்கும் கடலில் தொலையாது. அங்கே தளர்ந்துபோன ஏதோவொன்றை அசைக்கும், அது தூணில் தட்டும். தட்டும் ஒவ்வொரு தடவையும் எங்கள் தகடு வீணைக் கம்பிபோலத் துடிக்கும்.

கப்பல் போன நேரங்களையும் பெட்டி பேசிய நேரங்களையும் பக்கம்பக்கமாக வைத்துப் பார்த்தோம். சரியாக இருந்தது. பயம் தெளிந்தது. பயம் தெளிந்தால் மனிதருக்கு ஆசை வந்துவிடும், அதுவும் எங்களைப்போன்ற மனிதருக்கு.

கப்பல் அலையில் உயிர்வாழும் பெட்டி! எங்கள் அப்போதைய தலைவர் குதூகலமாகிவிட்டார். பணம் கொடுக்கிறவர்களைக் கூப்பிட்டுக் காட்ட நாள் குறித்தார். குகன் அதிர்வு உச்சமாக இருக்கும் இடத்தைத் தேடத் தொடங்கினான். உங்களுக்கும் முதல் வாரமே சொல்லித் தந்திருப்பார்கள், எங்கே அதிகம் கிடைக்கிறதோ அங்கே பூட்டு என்று. கையில் ஒரு பரிசோதனைத் தகட்டோடு தூண் தூணாகப் போனான். கரையோரத் தூண்களில் ஒன்றுமில்லை. நடுவில் கொஞ்சம். கடைசித் தூணில் அள்ள அள்ளக் கிடைத்தது. பெட்டியைக் கழற்றி அதில் பூட்டினோம். மலர் உட்காரும் பலகைக்கு நேர் கீழே.

இந்த இடத்தை இரண்டாம் தரம் வாசியுங்கள். தன் கணவனின் சத்தம் எங்கே கூடுதலாகக் கேட்கிறது என்று ஒவ்வொரு பலகையாகத் தேடித்தான் அவளும் அந்த மூலைக்குப் போயிருந்தாள். நாங்கள் கருவியோடு தேடினோம், அவள் காதோடு தேடினாள். இரண்டு தேடலும் ஒரே தூணில் வந்து நின்றன. ஒரு கட்டட எஞ்சினியர் பக்கத்தில் நின்றிருந்தால், "உந்தத் தூணுக்கு வருத்தம்" என்று ஒரு வசனத்தில் சொல்லியிருப்பார். அவர்களுக்கு அதிர்வு என்றால் நோய். எங்களுக்கு அதிர்வு என்றால் சாப்பாடு. இந்தத் தொழிலில் உள்ளவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய குருடு அது.

முற்றாகக் குருடாக இருக்கவில்லை என்றும் சொல்லவேண்டும். ஒரு தோணியில் ஏறி ஜெட்டிக்குக் கீழே போய்ப் பார்த்தோம். தூண்களை ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்கும் குறுக்குச் சட்டங்கள் பாதிக்குமேல் தண்ணீருக்குள் இருந்தன, சிப்பியும் பாசியும் மூடி. எது மரம், எது சிப்பி என்று பிரித்தறிய முடியவில்லை. எதையோ தட்டிப் பார்த்தோம், கெட்டியாக இருந்தது. ஜெட்டிக்குப் பொறுப்பானவர்களுக்கு ரெலிபோன் எடுத்தேன். இப்போது அதில் லோஞ்சு கட்டுவதில்லை, சனம் காற்று வாங்கத்தானே போகுது, பிறகு பார்ப்போம் என்றார்கள்.

மலருக்குக் கப்பல் கதையைச் சொல்வதா விடுவதா என்று யோசித்து, சொல்வது என்று முடிவெடுத்தேன். கப்பல், அலை, தளர்ந்த மரம் எல்லாவற்றையும் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். சோற்றுப் பொதியைப் பிரித்து என் பக்கம் தள்ளினாள்.

"இருக்கட்டும் அக்கா" என்றாள். "அவரிட்டயும் இப்ப துடுப்பு இல்லைத்தானே. அலையாலதான் தட்டவேணும்."

நான் சோற்றில் ஒரு பிடி எடுத்துச் சாப்பிட்டேன்.

அதற்குப் பிறகுதான் எனக்குள் ஏதோ அரிக்கத் தொடங்கியது. பெட்டிக்குக் கிடைக்கும் சக்தி நாளுக்கு நாள் கூடியது. அதே கப்பல்கள். அதே அமைதியான கடல். ஆனால் நேற்றைவிட இன்றைக்குச் சாப்பாடு கூடுதல். செய்திகள் நெருங்கி நெருங்கி வந்தன. வேலை செய்துகொண்டிருக்கும்போதே வாங்கியின் சிறு விளக்கு ஓரக்கண்ணில் மினுங்கும், ஏதோ சொல்ல அவசரப்படும் ஒருவர் தோளைத் தொடுவதுபோல இருக்கும். விளக்கு மினுங்கினால் எல்லோர் கண்ணும் ஒரு கணம் அதன் பக்கம் போய்வரும், அவ்வளவுதான்.

"ஏன் கூடுது குகன்?" என்று கேட்டேன்.

"மொடலில கப்பல் அலைக்கு ஒரு பெருக்கி எண் போட்டிருக்கிறன் மிஸ். நாளோட சேந்து அதுவும் கூடும். இப்ப வளைகோடு வடிவாப் பொருந்துது."

"பெருக்கி எண்டா என்ன?"

அவன் தலையைச் சொறிந்தான். "கூடுறதுதான்."

தெரியாத ஒன்றுக்கு ஒரு கிரேக்க எழுத்தைப் பெயராக வைத்துவிட்டால் அது தெரிந்ததுபோல ஆகிவிடும். நீங்களும் வைப்பீர்கள். வைத்தால், அந்த எழுத்துக்குப் பின்னால் கடலுக்குள் என்ன நடக்கிறது என்று ஒரு தடவையாவது கேளுங்கள். நான் திரும்பவும் ரெலிபோன் எடுத்துச் சத்தம் போட்டேன். யாரோ வந்து ஜெட்டியின் வாசலில் ஒரு நைலோன் கயிற்றைக் குறுக்கே கட்டிவிட்டுப் போனார்கள். சனம் அதைத் தாண்டிப் போனது. மலர் குனிந்து போனாள்.

பணம் கொடுக்கிறவர்கள் வருவதற்கு முதல்நாள் மத்தியானம், குகன் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு ஓடி வந்தான். முகமெல்லாம் சிரிப்பு.

"மிஸ், பெருக்கி தேவையில்லை! பழைய மொடல்தான் சரி. பாருங்கோ, நேற்றுப் பின்னேரம் தொடக்கம் ரெண்டு கோடும் ஒண்டு."

திரையில் மாதிரியின் கோடும் அளவீட்டின் கோடும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக் கிடந்தன. பூச்சியத்தில். செத்த பெட்டிக்கு எது முறையோ அது. நாளைக்குக் காட்ட ஒன்றுமில்லை என்பதுகூட அந்தச் சந்தோசத்தில் அவனுக்கு உறைக்கவில்லை. பல நாட்களாக அந்தப் பிள்ளையை அவமானப்படுத்திக்கொண்டிருந்த வித்தியாசம் ஒரேயடியாக மறைந்திருந்தது. பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. என் வேலைக்காலம் முழுவதிலும் நான் பார்த்த மிகப் பயங்கரமான படம் அதுதான்.

"நேற்றுப் பின்னேரம் கப்பல் போனதோ?"

"போனது மிஸ்."

"தட்டேல்லையோ?"

"இல்லை. தட்டுறது நிண்டிட்டுது. நல்லதுதானே?"

"தட்டினது எது குகன்?"

"தெரியாது… ஏதோ ஒரு சட்டம்."

"அது இப்ப எங்க?"

அவன் சிரிப்பு மெல்ல மெல்லப் போனதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தட்டுவதற்கு இரண்டு பொருள் வேண்டும். அலை வந்திருக்கிறது, சத்தம் வரவில்லை என்றால், இரண்டில் ஒன்று அங்கே இல்லை. நாளுக்கு நாள் கூடத் தளர்ந்து கூடத் தட்டிய அந்தச் சட்டம், அதுவரைக்கும் தூணைக் கொஞ்சமாவது பிடித்திருந்தது. இப்போது அது கடலின் அடியில் கிடக்கிறது. கடைசித் தூண் தனியே நிற்கிறது.

மாதிரியும் அளவீடும் பொருந்தாவிட்டால் நீங்கள் தூங்கமாட்டீர்கள், அது எனக்குத் தெரியும். பொருந்தினாலும் தூங்கிவிடாதீர்கள். பொருந்துவதற்காக எது இல்லாமல் போயிற்று என்று கேளுங்கள்.

யன்னலுக்கு வெளியே, முனைப் பக்கம், ஒரு கப்பலின் பின்பக்கம் மறைந்துகொண்டிருந்தது. பாரம் ஏற்றிய பெரிய கப்பல். கடல் எண்ணெய்போலக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டு நேரம்.

இருவரும் ஓட்டோவில் ஏறி ஜெட்டிக்குப் பறந்தோம். பெட்டியைப்பற்றி எனக்கு ஒரு கவலையும் இருக்கவில்லை, நாளைக்கு வருகிறவர்களைப் பற்றியும் இல்லை. மலர் இன்றைக்கு வேலைக்கு வராமல் இருந்திருக்கவேண்டும், அவளுக்குக் காய்ச்சலாவது வந்திருக்கவேண்டும் என்று நேர்ந்துகொண்டே போனேன்.

அவள் இருந்தாள். ஜெட்டியின் கடைசியில், குப்புறப் படுத்து, காதைப் பலகையில் வைத்திருந்தாள். அவள் படுத்திருந்த மூலை ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. அவ்வளவு சொற்பம், தெரிந்து பார்க்கிறவருக்கு மட்டுமே தெரியும். ஜெட்டியில் வேறு ஆளில்லை. ஒரு காகம்கூட இல்லை.

"மலர்! எழும்பி இஞ்சால வாங்கோ!"

அவள் கையை உயர்த்தினாள், நாங்கள் முதன்முதலில் வந்த நாளில் உயர்த்தியதுபோலவே. "சத்தம் போடாதேங்கோ அக்கா. நேற்றுப் பின்னேரமும் வந்து பாத்தனான். ஒண்டும் கேக்கேல்ல. இண்டைக்கும் கேக்கேல்ல. கொஞ்சம் பொறுங்கோ."

"ஜெட்டி விழப்போகுது பிள்ளை! கீழ தூண் விட்டிட்டுது. கெதியா வாங்கோ!"

"நான் போனாப்பிறகு அவர் தட்டினாரெண்டா?"

அவள் குரலில் பிடிவாதம் இல்லை. உண்மையாகவே கேட்டாள். விழுந்தால் விழட்டும் என்று நினைக்கிற ஒருவரைப் பயமுறுத்தி எழுப்ப முடியாது என்று எனக்கு அந்த நேரத்தில் விளங்கியது.

குகன் கயிற்றைத் தாண்டிவிட்டான். அவன் சட்டையைப் பின்னால் பிடித்து இழுத்தேன்.

"விடுங்கோ மிஸ், நான் தூக்கிக்கொண்டு வாறன்!"

"அந்த மூலைக்கு அவவின்ர பாரமே அதிகம். நீர் போனா ரெண்டு பேரும் போவியள்."

"அப்ப என்ன செய்யிறது?"

தூரத்தில், அந்த எண்ணெய் நீரில், ஒரு கோடு தெரிந்தது. இலேசான நிழல்போல, கரைக்குக் கரை நீண்டு, ஒரு அவசரமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. அதை அனுப்பிய கப்பல் எப்போதோ போய்விட்டது. அது வந்து சேர எவ்வளவு நேரம் எடுக்கும் என்று கணக்குப் போட என் மூளை தானாகவே தொடங்கியது. அதை நிறுத்தினேன். சில வேளைகளில் கணக்குப் போடுவதுதான் நாம் ஓடி ஒளியும் இடம்.

மண்டியிட்டு உட்கார்ந்தேன். ஜெட்டி தொடங்கும் இடத்தில், கெட்டியான நிலத்தில் ஊன்றியிருந்த முதல் தூணில், கையை முட்டியாக மடக்கித் தட்டினேன். ஒன்று. கொஞ்சம் விட்டு, இரண்டு.

குகன் என்னைப் பார்த்த பார்வையை என்னால் மறக்க முடியாது. அவனுக்கும் அந்த எண்ணிக்கை தெரியும்.

ஒன்று. பிறகு இரண்டு. மரத்துக்குள்ளால் அந்தச் சத்தம் போவதை முழங்காலில் உணர்ந்தேன். பலகை பலகையாக, தூண் தூணாக, அவள் காதுவரைக்கும் போயிருக்கவேண்டும். வாழ்க்கையில் ஒரு பொய் அளவீடு நான் யாருக்கும் அனுப்பியதில்லை. அன்றைக்கு அனுப்பினேன், கை வலிக்க வலிக்க அனுப்பினேன். செத்த ஒரு மனிதனின் சத்தத்தை எடுத்து என் கையில் வைத்துக்கொண்டிருக்கிறேன் என்று ஒரு நினைப்பு வந்தது. நிறுத்தவில்லை.

மலர் தலையை உயர்த்தினாள்.

எழுந்தாள். கரையைப் பார்த்தாள். நான் குனிந்திருந்ததால் என் கையை அவள் கண்டிருப்பாளோ தெரியாது. வெறுங்காலோடு நடந்து வரத் தொடங்கினாள். ஓடவில்லை. ஒவ்வொரு அடிக்கும் நின்று கேட்பவள்போல வந்தாள். குகன் வாய்க்குள் "கெதியா, கெதியா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்தக் கோடு ஜெட்டியின் மூலையைத் தொடும்போது அவள் பாதி வழியில் இருந்தாள். நான் தட்டிக்கொண்டே இருந்தேன். கயிற்றடிக்கு வந்ததும் குகன் பாய்ந்து அவள் கையைப் பிடித்து நிலத்துக்கு இழுத்தான்.

பெரிய சத்தம் எதுவும் வரவில்லை. கடைசித் தூண், களைத்த ஓர் ஆள் உட்காரப் பார்ப்பதுபோல, மெதுவாகச் சாய்ந்தது. அதன் பின்னால் பலகைகள் ஒவ்வொன்றாகக் கழன்று தண்ணீருக்குள் இறங்கின. அவள் படுத்திருந்த இடம் முதலில் போயிற்று. அலை எங்கள் காலடிக்கு வந்து, கல்லில் சின்னதாக ஒரு சலசலப்புச் செய்துவிட்டு அடங்கியது. கடல் திரும்பவும் எண்ணெயாகக் கிடந்தது.

குகனின் சட்டைப்பையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. பெட்டியிடமிருந்து செய்தி என்று பிறகுதான் சொன்னான். தண்ணீருக்குள் போகுமுன் அந்த விழுகையின் அதிர்வில் அதற்கு வயிறு நிறைந்திருக்கவேண்டும். அதற்கு வேறு விளக்கம் இல்லை, நீங்களும் தேடவேண்டாம். குகன் அதைப் பார்த்துவிட்டு என்னிடம் காட்டாமல் பைக்குள் வைத்தான். அழத் தொடங்கினான்.

நாங்கள் மூவரும் நிலத்தில் உட்கார்ந்திருந்தோம். மலர் கடலைப் பார்க்கவில்லை. என் வலது கையை எடுத்துத் தன் மடியில் வைத்து விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். முட்டிகளில் தோல் உரிந்து இரத்தம் கசிந்திருந்தது, மரச் செதில் ஏறியிருந்தது. சேலைத் தலைப்பின் நுனியால் ஒற்றி, செதில்களை ஒவ்வொன்றாக எடுக்கத் தொடங்கினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அழுகையாகவும் வந்தது.

"மலர்… தட்டினது…"

"தெரியும் அக்கா. முதல் தட்டிலையே தெரியும். அவர் ஒருநாளும் அவசரப்பட்டுத் தட்டமாட்டார்."

"அப்ப ஏன் எழும்பி வந்தனீங்கள்?"

அவள் செதிலை எடுப்பதை நிறுத்தி என்னைப் பார்த்தாள், கேட்கக்கூடாததை நான் கேட்டுவிட்டதுபோல.

"ஒராள் உவ்வளவு பயந்து தட்டினா, அது ஆரெண்டு பாத்திட்டோ வாறது?"